பண்ணைப் பங்கில் சேரலாமா, மேல்வீட்டோடு கூறு போட்டுக்கொள்ளலாமா?

மதுரை நாராயணபுரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. நீங்கள், கணவர், மாமியார், நாலு வயதுப் பிள்ளை. கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு இயற்கை விவசாயப் பண்ணையில் வாரம் 6 கிலோ காய்கறி, 12 வாரத்துக்கு 5,400 ரூபாய், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறார்கள். 6 கிலோ உங்கள் வீட்டுக்கு அதிகம், மேல்வீட்டுக்காரர்களோடு பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாமா, இது நல்ல ஏற்பாடுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கிலோக் கணக்குக்கு அடியில் இரண்டு பயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. பழக்கமில்லாத ஒரு விவசாயியிடம் பணத்தை முன்னால் கொடுத்துவிட்டு ஏமாந்து போவோமோ என்பது ஒன்று. நல்லபடியாகப் பழகிக்கொண்டிருக்கும் மேல்வீட்டோடு ஒரு சுரைக்காயால் மனக்கசப்பு வந்துவிடுமோ என்பது இன்னொன்று. இரண்டையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் படித்தேன். நத்தம் பக்கம் நான்கு விவசாயிகளின் தோட்டங்களிலிருந்து மதுரைக்குள் அறுபது, எழுபது வீடுகளுக்கு வாரப் பங்கு பிரித்து அனுப்பும் வேலையைப் பதினான்கு வருடமாகப் பார்த்து வருகிறேன். நீங்கள் சொல்லும் பண்ணையை நான் பார்த்ததில்லை. ஆகவே அவர்கள் நல்லவர்களா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நீங்களே போய்ப் பார்த்து முடிவு செய்ய என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் இந்த ஏற்பாடு என்ன என்பதில் தெளிவு வேண்டும். சமூக ஆதரவு வேளாண்மை என்று தமிழில் எழுதுகிறார்கள், பேச்சில் சிஎஸ்ஏ. 1970களில் ஜப்பானில் பூச்சிமருந்துக்குப் பயந்த குடும்பத் தலைவிகள் விவசாயிகளோடு நேரடியாக உடன்பாடு செய்துகொண்டார்கள், அதற்கு 'தெய்கெய்' என்று பெயர். 1978இல் ஜெனீவாவில் அதே மாதிரி ஒரு கூட்டுறவுத் தோட்டம் தொடங்கியது. 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இந்த முறையில் இறங்கின. எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றுதான்: பருவம் தொடங்குமுன் உறுப்பினர்கள் பணம் கொடுக்கிறார்கள், தோட்டத்தில் விளைவது அவர்களுக்குள் பங்காகிறது, விளைச்சல் கூடினால் பங்கு கூடும், குறைந்தால் குறையும். நீங்கள் வாங்குவது 72 கிலோ காய்கறி என்று நினைத்துச் சேர்ந்தால் மூன்றாவது வாரமே சண்டை வரும். ஒரு தோட்டத்தின் மூன்று மாத விளைச்சலில் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்துச் சேர வேண்டும். நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுபவருக்கு இந்த மனநிலை புதிதே இல்லை. விளைந்தால் இருவருக்கும், விளையாவிட்டாலும் இருவருக்கும்.

பணத்தை ஏன் முன்னால் கேட்கிறார்கள்? கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்று விட்டு முப்பது, முப்பத்தைந்து நாள். நட்டு முதல் காய் பறிக்க இன்னும் ஐம்பத்தைந்து, அறுபது நாள். அந்த மூன்று மாதமும் உழவுக் கூலி, எரு, நாற்று, களை எடுக்க ஆள் என்று கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும், ஒரு ரூபாய் உள்ளே வராது. பெரும்பாலான காய்கறி விவசாயிகள் அந்த இடைவெளியைக் கமிஷன் கடை முன்பணத்தில்தான் கடக்கிறார்கள். முன்பணம் வாங்கியவர் காயை அந்தக் கடைக்கேதான் கொண்டுபோக வேண்டும். அவர்கள் சொல்வதுதான் விலை, அதிலும் கமிஷன் பிடித்தம். கத்தரி கிலோ நாலு ரூபாய்க்குப் போகிற அன்று பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கட்டாது என்று செடியிலேயே காயை விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். உங்கள் 5,400 ரூபாய் அந்த முன்பணத்தின் இடத்தில் போய் உட்கார்கிறது. இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் எங்கள் நான்கு விவசாயிகளில் மூவர் கமிஷன் கடைக் கணக்கை அடைத்து வெளியே வந்தது உறுப்பினர் பணத்தில்தான்.

ஆனால் பண்ணைப் பெட்டி என்று பெயர் வைத்த எல்லாமே பண்ணையிலிருந்து வருவதில்லை. விடியற்காலை மாட்டுத்தாவணி, பரவை, ஒட்டன்சத்திரம் மாதிரி மொத்தச் சந்தைகளில் காய் வாங்கி, அழகான அட்டைப்பெட்டியில் அடுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் ஒரு தொழில்தான், சொல்லிவிட்டுச் செய்தால் குற்றமில்லை. அதற்கு மூன்று மாதப் பணம் முன்னால் கொடுக்க வேண்டிய அவசியம் மட்டும் கிடையாது. கண்டுபிடிப்பது எப்படி? போன சித்திரை, வைகாசியில் பெட்டியில் என்ன போட்டார்கள் என்று பழைய உறுப்பினர் யாரையாவது கேளுங்கள். அந்த வெயிலில் கேரட்டும் பீன்ஸும் வந்திருந்தால் அவை கொடைக்கானலிலிருந்து இறங்கியவை. 'மலைக்காய் மட்டும் வெளியே வாங்குகிறோம்' என்று அவர்களே சொன்னால் நல்லது. எங்கள் தோட்டத்தில் விளைந்தது என்று சாதித்தால் யோசியுங்கள். அடுத்து, எத்தனை ஏக்கர், எத்தனை வீடு என்று கேளுங்கள். கலப்பாகக் காய்கறி போட்ட ஒரு ஏக்கரில் வாரம் 6 கிலோ வீதம் இருபத்தைந்து வீட்டுக்கு மேல் வருடம் முழுக்க எங்களால் கொடுக்க முடிந்ததில்லை. தண்ணீர் வசதி நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடலாம். இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு இருநூறு வீட்டுக்குக் கொடுக்கிறோம் என்றால் அந்தக் காய் வேறெங்கிருந்தோ வருகிறது.

இன்னொரு கேள்வி இருக்கிறது, இதை யாரும் கேட்பதில்லை. வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், இரண்டு நாள் தள்ளினால் முற்றி நார் விழுந்துவிடும். உங்களுக்குப் பெட்டி வருவதோ வாரம் ஒருமுறை. அப்படியானால் மற்ற நாள் பறிக்கிற வெண்டை எங்கே போகிறது? உண்மையில் பயிர் செய்பவர் யோசிக்காமல் பதில் சொல்வார்: உழவர் சந்தைக்குப் போகிறது, பக்கத்து ஊர்க் கடைக்குப் போகிறது, இரண்டு ஓட்டலுக்குக் கொடுக்கிறேன். தடுமாறினால் அந்தத் தோட்டத்தில் வெண்டையே இல்லாமலும் இருக்கலாம்.

தோட்டத்துக்கு ஒருமுறை நேரில் போய்விட்டு வருவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சான்றிதழ். போனால் காயைப் பார்க்காதீர்கள், வரப்போரத்தையும் மோட்டார் கொட்டகையையும் பாருங்கள். காலியான மருந்து டப்பாக்கள் அங்கேதான் கிடக்கும். மாடு இருக்கிறதா, எருக்குழி இருக்கிறதா, வேப்பங்கொட்டை மூட்டை இருக்கிறதா, பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்குகிறதா, பக்கத்துக் காட்டிலிருந்து மருந்து சாரல் அடிக்காமல் இருக்கச் சோளமோ அகத்தியோ ஆமணக்கோ வேலியாக நிற்கிறதா என்று பாருங்கள். கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழு நம் பக்கத்தில் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. மருந்தடிக்கும் தோட்டங்களில் காய்ப்புக் காலத்தில் அடுத்தடுத்து அடிப்பது இந்தப் புழுவுக்காகத்தான். இயற்கை முறையில் செய்பவர் துளை விழுந்த குருத்தைக் கிள்ளி எடுத்து, ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்துச் சமாளிக்கிறார். ஆனாலும் கொஞ்சம் புழுக்காய் வரத்தான் செய்யும். 'புழுக்காயை என்ன செய்கிறீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். மாட்டுக்குப் போடுகிறோம் என்பவரை நம்பலாம். எங்களுக்குப் புழுவே வராது என்பவரிடம் நான் பணம் கட்ட மாட்டேன்.

சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏற்றுமதிக்கென்று மத்திய அரசின் அபெடா நிறுவனத்தின் கீழ் வரும் மூன்றாம் தரப்புச் சான்று ஒன்று, விவசாயிகளே ஐந்து பேருக்குக் குறையாமல் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்துக் கொடுக்கும் பிஜிஎஸ் சான்று இன்னொன்று. பிஜிஎஸ்ஸில் மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்குப் பசுமை என்றும், முழுதாக மாறிய நிலத்துக்கு இயற்கை என்றும் இரண்டு படி உண்டு. 2017இல் வந்த இயற்கை உணவு ஒழுங்குமுறை, சிறு விவசாயி தானே விளைவித்ததை உண்பவருக்கு நேரடியாக விற்கும்போது சான்றிதழ் கட்டாயமில்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே உங்கள் பண்ணையிடம் சான்று இல்லை என்பதை மட்டும் வைத்து அவர்களைச் சந்தேகிக்க வேண்டாம். சான்று இருக்கிறது என்பதற்காக நேரில் போகாமலும் இருந்துவிடாதீர்கள்.

உடம்புக்கு நல்லதா என்பதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்தே சொல்ல வேண்டும். இயற்கை முறைக் காயில் பூச்சிமருந்து எச்சம் குறைவு, இதில் பெரிய சர்ச்சை இல்லை. சத்து அதிகமா என்பதில் ஆராய்ச்சியாளர்களே ஒத்துப் போகவில்லை. 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை என்றார்கள். 2014இல் நியூகாசிலை மையமாகக் கொண்ட குழு அதைவிட அதிக ஆய்வுகளைத் தொகுத்து, ஆன்டிஆக்ஸிடன்ட் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றது. நான் பயிர்க்காரன், மருத்துவன் இல்லை. மாமியாருக்குச் சர்க்கரை குறையும் என்றோ பிள்ளைக்குச் சளி பிடிக்காது என்றோ யாராவது சொல்லிப் பெட்டி விற்றால் அந்தப் பேச்சை நம்பிச் சேராதீர்கள். பறித்த அன்றே சமைக்கிற கீரைக்கும் மூன்று நாள் கட்டிக் கிடந்த கீரைக்கும் ருசியில் உள்ள வித்தியாசத்துக்கு ஆய்வு தேவையில்லை, அது சட்டியிலேயே தெரியும்.

இப்போது பெட்டிக்குள் என்ன வரும் என்பது. இது தெரியாமல் சேர்ந்தவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் காய்கறிக்குப் பொற்காலம் தை, மாசி, பங்குனி. பந்தலவரையும் செடியவரையும் குலுங்கும், கத்தரி பளபளப்பாக இருக்கும், தக்காளி, முள்ளங்கி, பச்சை மொச்சை, கொத்தமல்லி, எல்லாக் கீரையும் வரும். பெட்டி மூடாது. சித்திரை, வைகாசியில் வெண்டை, சீனியவரைக்காய், வெள்ளரி, புடலை, பீர்க்கு, முருங்கை. முருங்கை என்றால் சலிக்கச் சலிக்க முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பிகேஎம் 1 என்ற முருங்கை ரகம் நம் பக்கத் தோட்டங்களில் வரப்புக்கு வரப்பு நிற்கிறது, காய்க்கத் தொடங்கினால் நிறுத்தாது. அக்னி நட்சத்திரத்தில் கீரை வாடும், கட்டு சிறுத்துப் போகும். ஆனி, ஆடிக் காற்றில் பந்தல் பயிர்களின் பூ உதிரும். ஆடிப்பட்டம் விதைத்தது கைக்கு வரப் புரட்டாசி ஆகிவிடும். ஆகவே ஆடியும் ஆவணியும் எங்கள் தோட்டங்களில் இளைப்பான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் தக்காளி வெடிக்கும், அரைக்கீரையும் சிறுகீரையும் சேற்றில் சாய்ந்து அழுகும். சுரையும் பூசணியும் தாக்குப்பிடிக்கும். அந்த நாளில்தான் திருமங்கலம், கல்லுப்பட்டிக் கரிசலில் யாரும் விதைக்காமல் தானாக முளைக்கும், பாகல் மாதிரிக் கசக்கும் அதலைக்காய் கிடைக்கும். ஒரு நல்ல விவசாயி அதில் அரைக் கிலோ, ஒரு கைப்பிடி முடக்கத்தான், கொஞ்சம் பிரண்டை என்று போட்டுப் பெட்டியை ஒப்பேற்றுவார். அது அவர் ஏமாற்றுவது இல்லை. மழை வாரத்தில் அந்த மண் கொடுப்பது அதுதான்.

விலை கட்டுமா என்று கேட்டால், கிலோவுக்கு 75 ரூபாய் வருகிறது. தை, மாசியில் உழவர் சந்தையில் இதைவிடக் குறைவாகவே வாங்கலாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் உறுப்பினர்கள் அதே பழைய பணத்துக்குத் தங்கள் பங்குத் தக்காளியை வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் விலை தரைமட்டத்துக்கு வந்தபோது கடையைவிடக் கூடுதலாகக் கொடுத்ததும் அவர்களேதான். வருடக் கணக்கில் பார்த்தால் பெரிய லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. செலவைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பீபீகுளம் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே நம் அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று திறந்தது. அங்கேயும் விவசாயி கையிலிருந்துதான் வாங்குகிறீர்கள்.

முன்பணம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், வேறொரு பண்ணையில் ஆறு மாதப் பணம் கட்டி உறுப்பினராகச் சேர்ந்தேன். எட்டாவது வாரம் பெட்டி வரவில்லை. கிணறு வற்றிவிட்டது என்றார்கள். பிறகு போனை எடுக்கவில்லை. கிணறு வற்றியது உண்மையென்று பின்னால் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நாங்கள் காத்திருந்திருப்போம், ஆழ்துளைக் கிணற்றுக்குப் பணம்கூடச் சேர்ந்து கொடுத்திருப்போம். அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் எல்லோருக்கும் சொல்வது: புதிய பண்ணைக்கு முதலில் நாலு வாரப் பணம். அது சரியாக நடந்தால் அடுத்த எட்டு வாரத்துக்கு. ஒரு பருவம் முழுக்கப் பார்த்த பிறகு, மனம் ஒப்பினால் வருடத்துக்கே கொடுங்கள், அவர்களுக்கு அதுதான் உதவி. பணத்தை வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ போட்டு, எந்தத் தேதியிலிருந்து எத்தனை வாரத்துக்கு என்று குறிப்பு எழுதுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் நாலு விஷயம் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: குறைந்தது எத்தனை வகைக் காய், நாலு வாரச் சராசரி எடை எவ்வளவு, வெளிக்காய் சேர்த்தால் சொல்ல வேண்டும், பெட்டி வராத வாரத்துக்கு என்ன ஈடு. சராசரி என்ற சொல் முக்கியம். ஒரு வாரம் 4 கிலோவும் அடுத்த வாரம் 8 கிலோவும் வருவது தோட்டத்தின் இயல்பு.

ஈடு கேட்கக் கூடாத நேரமும் உண்டு. 2018 நவம்பர் 16, கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்து வழியாகப் போன அன்று எங்கள் நத்தம் தோட்டம் ஒன்றில் அரை ஏக்கர் பந்தல் மொத்தமாகச் சாய்ந்தது. கல்தூண் முறிந்து, பாகலும் புடலையும் கம்பியோடு தரையில் கிடந்தன. அந்தச் சனிக்கிழமை பெட்டிக்குப் பதிலாக உறுப்பினர்களுக்குப் போட்டோ அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பேர் வந்து கம்பி சுற்றிக் கொடுத்தார்கள். ஐந்து வாரம் சுரையும் கீரைத்தண்டும் தேங்காயும்தான் பெட்டியில் போனது. இரண்டு வீடுகள் விலகிக்கொண்டன, அவர்களுக்கு மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்படி ஒரு மாதம் வந்தால் தாங்கிக்கொள்ள உங்கள் குடும்பத்துக்கு முடியுமா என்பதை நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

6 கிலோ அதிகமா? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் உருளைக்கிழங்கு சேர்க்காமல் நாளொன்றுக்கு ஆளுக்கு 400 கிராம் காய்கறி என்று இருக்கிறது. மூன்று பெரியவர்களுக்கு வாரத்துக்கு 8.4 கிலோ. அந்தக் கணக்கில் உங்கள் பங்கே போதாது. ஆனால் பெட்டி காலியாவது அடுப்புக் கணக்கில்தான். மதியம் இருவரும் வெளியே சாப்பிட்டு, இரவு இட்லி தோசை, ஞாயிறு கறி என்றால் வாரத்தில் நாலைந்து தடவைதான் காய் நறுக்குவீர்கள். அப்படிப்பட்ட வீட்டில் மூன்று, மூன்றரை கிலோவுக்கு மேல் தீராது. எனவே பாதிப் பங்கு என்ற உங்கள் யோசனை சரிதான். புரட்டாசியில் அசைவம் நிறுத்துகிற வீடு என்றால் அந்த மாதம் மட்டும் முழுப் பங்கு தேவைப்படும், மேல்வீட்டிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

பாதியாகப் பிரிக்க எல்லோரும் முதலில் செய்வது, இந்த வாரம் உனக்கு, அடுத்த வாரம் எனக்கு என்று முறை வைப்பது. வேண்டாம். எங்கள் உறுப்பினர்களில் கே.கே. நகரில் ஒரே கட்டடத்தில் இருந்த இரண்டு வீடுகள் அப்படித்தான் செய்தன. ஒரு ஐப்பசியில், மழை கொட்டிய மூன்று வாரமும் ஒரே வீட்டு முறையில் விழுந்தன. வெறித்த வாரங்களின் நிறைந்த பெட்டியெல்லாம் மற்ற வீட்டுக்குப் போனது. யார் மேலும் தப்பில்லை, ஆனாலும் மாடிப்படியில் பார்த்தால் பேச்சு நின்றுவிட்டது. போதாததற்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீரை வந்தால் அதை வைத்துச் சாப்பிட முடியாது.

நான் அவர்களிடம் போய்க் கூறு போடச் சொன்னேன். எங்கள் ஊரில் தீபாவளிக்கு நாலைந்து வீடு சேர்ந்து கிடாய் வெட்டுவார்கள். என் அப்பா வாழை இலைகளை வரிசையாக விரித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தொடைக்கறி, கொஞ்சம் நெஞ்செலும்பு, ஒரு துண்டு ஈரல், குடல், கொழுப்பு என்று எல்லாம் விழும்படி கூறு வைப்பார். தராசு பேருக்குத்தான் இருக்கும். வைத்து முடித்ததும் மற்றவர்கள் ஆளுக்கொரு கூறை எடுத்துக்கொள்ள, கடைசியில் மிஞ்சிய இலைதான் எங்கள் வீட்டுக்கு. கூறு வைத்தவர் கடைசியில் எடுப்பது என்ற ஒரு வழக்கத்தால், கூறு வைக்கிற கை தானாகவே நேர்மையாகிவிடும்.

அந்தக் கே.கே. நகர் வீடுகளில் இப்போது இப்படி நடக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் பெட்டி வருகிறது. முதல் மாடிப் படித்திண்டில் ஈரச் சாக்கை விரித்துக் கொட்டுகிறார்கள். ஒருவர் இரண்டு கூறு வைக்கிறார்: கத்தரி எட்டுக்கு எட்டு, பெரிதும் சிறிதும் கலந்து, வெண்டை கை நிறைய இரண்டு அள்ளு, கீரைக்கட்டு அவிழ்த்துப் பாதி, பச்சைமிளகாய் எண்ணாமல் குத்துமதிப்பாக. மற்றவர் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அடுத்த வாரம் கூறு வைப்பவர் மாறுகிறார். சுரை, பூசணி மாதிரி ஒற்றைக் காய் வந்தால் வெட்ட மாட்டார்கள், வெட்டினால் இரண்டும் சீக்கிரம் கெட்டுவிடும். படிக்கட்டுக் கம்பியில் ஒரு சின்ன நோட்டு தொங்குகிறது. இந்த வாரம் பூசணி யாருக்கு என்று அதில் எழுதிவிட்டால் அடுத்த ஒற்றைக் காய் மற்றவருக்கு. பிடிக்காத காய்க்கு ஒரு தட்டு தனியாக உண்டு. ஒரு வீட்டில் பாகற்காய் சாப்பிட மாட்டார்கள், இன்னொரு வீட்டில் முள்ளங்கி வாடை ஆகாது. அதில் வைத்துவிட்டால் வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு எதுவும் கேட்கக் கூடாது. மொத்தமும் பத்து நிமிடம் ஆகிறது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்து அவரை உரிக்கிறார்கள்.

பணத்தில் மட்டும் நெளிவு சுளிவு வேண்டாம். பண்ணைக் கணக்கில் ஒரே பெயர் இருக்கட்டும், விவசாயிக்கு இரண்டு வீட்டோடு பேச நேரமில்லை. பெயர் உங்களுடையதாக இருந்தால், மேல்வீடு தன் 2,700 ரூபாயைப் பருவம் தொடங்குமுன் உங்களிடம் கொடுத்துவிட வேண்டும். வாரா வாரம் 225 வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்காதீர்கள், கேட்கவும் கூச்சம், கொடுக்கவும் மறதி. ஒரு வீடு ஊருக்குப் போனால் அந்த வாரத்துப் பங்கு மற்ற வீட்டுக்கு, அதற்குப் பணக்கணக்கு இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் போவதாக இருந்தால் அந்தப் பங்கை வேறு யாருக்குக் கொடுப்பது என்று போகிறவரே ஏற்பாடு செய்ய வேண்டும். பாதியில் ஒருவர் விலகினால் மீதிக் காலத்துக்கு ஆள் பிடித்துத் தருவதும் அவர் பொறுப்பு. இதையெல்லாம் நல்ல மனதோடு இருக்கும்போதே பேசிவிடுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளை ஒட்டிக் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நுழையாது. அந்த வாரம் பெட்டி என்றைக்கு என்பதை முன்னாலேயே பண்ணையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த காயை வைத்துக்கொள்வது பற்றி இரண்டு வார்த்தை. கத்தரியையும் வெண்டையையும் ஃபிரிட்ஜின் குளிர் தட்டில் வைக்காதீர்கள். பத்து டிகிரிக்குக் கீழே போனால் தோல் சுருங்கிப் பழுப்பு விழும். துணிப்பையில் போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தால் மூன்று நாள் நிற்கும். தக்காளியும் பூசணியும் வெளியிலேயே இருக்கட்டும். கீரையைக் கழுவாமல், வேரோடு ஈரத்துணியில் சுற்றுங்கள், சனி வந்தது ஞாயிறுக்குள் தீர வேண்டும். முருங்கைக்கீரை அன்றைக்கே. சமையல் வரிசை கீரையில் தொடங்கி, வெண்டை, கத்தரி, அவரை, கடைசியில் சுரை, பூசணி என்று போனால் வெள்ளிக்கிழமை வரை எதுவும் வீணாகாது. மாமியார் வீட்டில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். சீனியவரையை வற்றல் போடவும், மிஞ்சிய மிளகாயை மோரில் ஊறவைக்கவும் தெரிந்த ஒரு ஆள் இருக்கும் வீட்டில் பங்கு ஒருநாளும் குப்பைக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

பட்டியல் எழுதி அதன்படிதான் வாரம் முழுக்கச் சமைப்பேன் என்பவர்களுக்கும், மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லாதவர்களுக்கும் இது ஒத்துவராது. அவர்களுக்கு உழவர் சந்தைதான் நல்லது. உங்கள் கேள்வியில் 'என்ன வந்தாலும் அத்தை சமைத்துவிடுவார்கள்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் சேருங்கள் என்று சொல்கிறேன். வருகிற ஞாயிறு வெயில் ஏறுமுன், ஏழு மணிக்கெல்லாம் தோட்டத்தில் இருக்கிற மாதிரிப் புறப்படுங்கள், பறிப்பு அந்நேரம்தான் நடக்கும். மேல்வீட்டுக்காரர்களையும் கூடவே அழைத்துப் போங்கள். வெண்டை எங்கே போகிறது என்ற கேள்வியை மாமியார் கேட்கட்டும். திருப்தியாக இருந்தால் அன்றைக்கே நாலு வாரத்துக்கு 1,800 ரூபாய் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது அந்தச் சின்ன நோட்டையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.